நிழல்களில் உருவம் கண்ட ஜி. என். ராமச்சந்திரன்

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பாட்டி கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். வெளியே ஒரு கீறலும் இல்லை. ஆனாலும் பேச்சுக் குழறவே, கல்பாக்கத்திலிருந்து சென்னைக்குக் கொண்டு சென்றனர். சி.டி. ஸ்கேன் எடுத்ததும் மண்டைக்குள் இரத்தம் கட்டியிருப்பது தெரிந்தது; பாட்டி பிழைத்துக் கொண்டார். கத்தி வைக்காமல் தலைக்குள் பார்ப்பது எப்படி என்று நாங்கள் துளைத்தெடுத்தபோது, இயற்பியல் கற்பிக்கும் சிஸ்டர் இவர் பெயரைச் சொன்னார்.

ராமச்சந்திரன் 8-10-1922 அன்று எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தை கணிதப் பேராசிரியர். திருச்சி புனித வளனார் கல்லூரியில் பயின்று, 1942இல் மின்பொறியியல் கற்கப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திற்குச் சென்றார். அங்கே சர் சி. வி. ராமன் அவரை இயற்பியலுக்கு இழுத்துக் கொண்டார்! 1949இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார்; 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைவரானார். 1954இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, நம் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதம் மூன்று இழை முறுக்கிய கயிறு போன்றது என்று காட்டினார். 1963இல் வெளியான ராமச்சந்திரன் வரைபடம் உலகெங்கும் உயிரியல் மாணவர்களுக்குப் பாடமாக இருக்கிறது. நாங்கள் சொல்ல வந்தது அதற்குப் பிந்திய கதை.

எக்ஸ்ரே படம் என்பது ஒரு நிழல். முன்னிருப்பதும் பின்னிருப்பதும் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். ஆகவே தலையைச் சுற்றிப் பல கோணங்களில் நிழல்களை எடுத்து, உள்ளிருப்பதைக் கணக்கிட வேண்டும். நிழல்களை வந்த வழியே திரும்பப் பரப்பிக் கூட்டினால் உருவம் கிடைக்கும். ஆனால் அது ஈரத்தில் கலைந்த கோலம் போல் மங்கியிருக்கும். ஃபூரியர் மாற்றம் என்னும் கணிதத்தால் தெளிவாக்கலாம். அக்காலக் கணிப்பொறிகளுக்கோ அது நெடுநேர வேலை. 1971இல் ராமச்சந்திரனும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் சுருக்கமான வழியொன்றைக் காட்டினர். பரப்புவதற்கு முன்பே, நிழலின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளின் குறிப்பிட்ட பங்கைக் கழித்து அதைக் கூர்மையாக்கிவிட வேண்டும். பெருக்கலும் கூட்டலும் போதும். நாங்கள் பலகையில் சிறு கட்டங்கள் வரைந்து செய்து பார்த்தோம்; இரண்டு முறை தப்பாக வந்தது, மூன்றாம் முறை நடுவில் வைத்த புள்ளி பளிச்சென்று தெரிந்தது.

அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. அது வேறொரு கணக்கைக் கையாண்டது. பின்னர் வந்த கருவிகளிலோ கூர்மையாக்கிப் பரப்பும் முறையே பல்லாண்டுகள் ஆட்சி செய்தது. இன்று படத்தில் இரத்தக் கசிவு எங்கே என்று கணினியே சுட்டிக் காட்டுகிறது. அதற்கும் முதலில் தெளிவான படம் வேண்டுமே! 1979இல் நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மாக்குக்கும் கிடைத்தது. அவர்கள் தகுதியானவர்களே. எனினும் எங்களுக்கு மனக்குறைதான்.

1977இல் லண்டன் ராயல் சொசைட்டி ராமச்சந்திரனை உறுப்பினராக்கியது. முதுமையில் பார்க்கின்சன் நோய் அவரை வாட்டியது. 7-4-2001 அன்று சென்னையில் காலமானார். அவருடைய கணக்கு ராம்-லாக் வடிகட்டி என்று இருவர் பெயரையும் சேர்த்து வழங்குகிறது.

பாட்டியைப் பார்க்கப் போனபோது, உங்களைக் காப்பாற்றிய கணக்கு ஒரு ராமச்சந்திரன் போட்டது என்று சொன்னோம். எம்.ஜி.ஆர். கணக்கும் போடுவாரா என்று கேட்டார் பாட்டி.