ஸர் எட்வர்ட் குக்கும் சுத்தமான காற்றும்

ஆற்றையும் காற்றையும் கெடுப்போர் மீது கோர்ட்டில் வழக்குத் தொடுப்பது இக்காலத்தில் அடிக்கடி நிகழும் காரியமாகிவிட்டது. இதைக் கண்டு சிலர் மனம் பொறுக்கவில்லை. நீதிபதிகள் தமக்கில்லாத அதிகாரத்தைப் புதிதாகப் புனைந்துகொண்டு, கைத்தொழில்களின் கழுத்தை நெரிக்கிறார்கள் என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. இக்குற்றச்சாட்டில் எவ்வளவு உண்மையிருக்கிறது என்பதை ஆராய்வதற்கு, நானூறு வருஷங்களுக்கு முன் வாழ்ந்த ஓர் இங்கிலீஷ் நியாயாதிபதியின் சரித்திரம் பெரிதும் உதவும். அதை இன்று நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

எழுத்தில் கோக் என்றும் உச்சரிப்பில் குக் என்றும் வழங்கும் ஸர் எட்வர்ட் குக்கின் பெயரைச் சட்டம் பயின்றவர் எவரும் கேளாதிருக்க முடியாது. அவர் 1552-ம் வருஷம் பிப்ரவரி மாதம் முதல் தேதியன்று நார்ஃபோக் ஜில்லாவில் மைல்ஹாம் என்னும் கிராமத்தில் பிறந்தார். தகப்பனாரும் வக்கீலே. சிறு வயதிலேயே தந்தையை இழந்த குக், நாரிச் நகரத்துப் பள்ளியிலும், கேம்பிரிட்ஜில் டிரினிடி கலாசாலையிலும் படித்து, பிறகு லண்டனில் சட்டம் பயின்று, 1578-ல் வக்கீலானார். அதன் பின் அவருடைய உயர்வு வெகு வேகமானது. 1592-ல் ஸாலிஸிடர் ஜெனரல். 1593-ல் காமன்ஸ் சபையின் தலைவர். 1594-ல் அட்டர்னி ஜெனரல்.

இந்தக் காலத்துக் குக்கை நாம் புகழ்வதற்கில்லை. அப்போது அவர் முற்றிலும் ராஜாங்கத்தின் ஆளாகவே இருந்தார். ஸர் வால்ட்டர் ராலே மீது 1603-ல் நடந்த ராஜத்துரோக வழக்கில், சாட்சியை நேரில் கொண்டுவந்து நிறுத்தாமல், கூண்டில் நின்ற மனிதரை வாய்க்கு வந்தபடி ஏசி அவர் பேசிய பேச்சு, இங்கிலீஷ் வக்கீல்கள் இன்றும் வெட்கத்துடன் நினைவுகூரும் விஷயமாகும். பெரியோர்களின் சரித்திரம் எழுதும்போது அவர்களுடைய குறைகளை மறைப்பது வாசகர்களுக்குச் செய்யும் துரோகம் என்று கருதுவதால் இதைக் குறிப்பிட்டோம்.

1606-ல் அவர் காமன் பிளீஸ் கோர்ட்டின் பிரதம நீதிபதியானார். நியாயாசனம் அவரை வேறு மனிதராக்கிற்று. அப்பொழுது ஆண்டுவந்த முதலாம் ஜேம்ஸ் மன்னர், தாம் ஈசுவரனுக்கு மட்டுமே கட்டுப்பட்டவர் என்னும் கொள்கையுடையவர். நீதிபதிகள் தம்முடைய பிரதிநிதிகளேயாதலால், தாம் விரும்பிய வழக்கைத் தாமே எடுத்து விசாரித்துத் தீர்ப்புக் கூறலாம் என்று அவர் 1607-ல் வாதித்தார். அதற்குக் குக், அரசருக்கு இயற்கையறிவு எவ்வளவு இருப்பினும், பிரஜைகளின் உயிரையும் உடைமையையும் பற்றிய வழக்குகள் நெடுங்காலப் பயிற்சியினால் மட்டுமே கைவரும் சட்ட அறிவைக்கொண்டு தீர்க்கப்பட வேண்டியவை என்றும், அரசர் எந்த மனிதனுக்கும் கீழ்ப்பட்டவரல்லரேனும் கடவுளுக்கும் சட்டத்துக்கும் கீழ்ப்பட்டவரே என்றும் பதிலளித்ததாக அவரே எழுதி வைத்திருக்கிறார். மன்னர் கோபங்கொண்டு கையை ஓங்கவே குக் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டதாக அக்காலத்தவர் வேறு சிலர் எழுதியிருக்கின்றனர். காலில் விழுந்தது மெய்யாகவே இருக்கலாம். ஆனால் விழுந்து எழுந்த மனிதர் தம் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை. 1610-ல், அரசர் வெறும் பிரகடனத்தினால் புதிய குற்றம் ஒன்றைச் சிருஷ்டிக்க முடியாது என்று தம் சக நீதிபதிகளுடன் கூடி அபிப்பிராயம் தெரிவித்தார்.

அதே 1610-ம் வருஷத்தில்தான் நாம் இங்கே முக்கியமாகக் கூற வந்த வழக்கு நடந்தது. அது ராஜாக்களையும் பார்லிமெண்டையும் பற்றியதன்று. ஒரு பன்றிக் கொட்டிலைப் பற்றியது.

குக் பிறந்த நார்ஃபோக்கிலேயே ஹார்ல்ஸ்டன் என்னும் ஊரில் வில்லியம் ஆல்ட்ரெட் என்பவருக்கு ஒரு வீடு இருந்தது. பக்கத்து நிலத்துக்காரரான தாமஸ் பென்டன் என்பவர் அவ்வீட்டையொட்டிப் பன்றிக் கொட்டில் ஒன்று கட்டினார். நாற்றம் தாங்காமல் ஆல்ட்ரெட் வழக்குத் தொடர்ந்தார். பிரதிவாதியின் வக்கீல் கூறிய சமாதானம் கவனிக்கத்தக்கது. பன்றி வளர்த்தல் ஜனங்களின் ஆகாரத்துக்கு அவசியமான தொழில். அத்தொழிலை அநுசரித்து வாழ முடியாத அளவுக்கு ஒருவனுடைய மூக்கு மென்மையாக இருப்பின், அது சட்டத்தின் குற்றமாகாது என்பதே அவருடைய வாதம். நீதிபதிகள் இவ்வாதத்தைத் தள்ளிவிட்டு வாதிக்கே ஜயமளித்தனர். வீடு என்றால் அதில் வாசம் செய்வதற்கு வெளிச்சமும் சுத்தமான காற்றும் இன்றியமையாதவை. அவற்றைக் கெடுப்பவன் நஷ்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டவன். ஜன்னலிலிருந்து காணும் இனிய காட்சியை மறைத்தால் மட்டும் வழக்குக் கிடையாது. அது மனத்துக்கு உல்லாசமேயன்றி வாழ்வுக்கு அவசியமன்று. இதுவே அத்தீர்ப்பின் சாரம்.

தீர்ப்புக் கூறியது கிங்ஸ் பெஞ்சு கோர்ட்டு. குக் அப்பொழுது வேறு கோர்ட்டின் பிரதம நீதிபதி. ஆயினும் அவ்வழக்கைத் தம்முடைய புகழ்பெற்ற தீர்ப்புத் தொகுதியில் ஒன்பதாம் பாகத்தில் சேர்த்து, அதற்கு ஆதாரமான பழைய வழக்குகளையும் ஒருங்கே திரட்டி, சாசுவதமான ஸ்தானத்தைத் தந்தவர் அவரே. அங்கே இரண்டு உதாரணங்கள் காணப்படுகின்றன. ஒன்று சுண்ணாம்புக் காளவாய். காளவாய் பிரயோஜனமான தொழிலே. எனினும் அதன் புகை அண்டை வீட்டில் புகுந்து அங்கே குடியிருக்க முடியாமற் செய்யுமாயின் அதன் மேல் வழக்குண்டு. மற்றொன்று தோலினாற் கையுறை செய்பவனைப் பற்றியது. அவன் கன்றுத் தோலையும் ஆட்டுத் தோலையும் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியின் கசிவு, பக்கத்து வீட்டுக்கு வரும் வாய்க்கால் நீரைக் கெடுத்து, அதனால் குடியானவர்கள் வீட்டை விட்டுப் போவார்களாயின் அதன் மேலும் வழக்குண்டு. இந்தத் தோல் குழியை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

நிற்க. 1613-ல் குக் கிங்ஸ் பெஞ்சின் பிரதம நீதிபதியாக மாற்றப்பட்டார். 1616-ல் மன்னருடைய உரிமை சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், தம்முடன் கலந்து பேசும் வரையில் விசாரணையை நிறுத்திவைக்குமாறு ஜேம்ஸ் கட்டளையிட்டார். கட்டளை சட்டத்துக்கு மாறானது என்று பன்னிரண்டு நீதிபதிகளும் கையெழுத்திட்டுப் பதிலெழுதினர். மன்னர் அவர்களை அரண்மனைக்கு வரவழைத்து அதட்டவே, பதினொருவர் பணிந்தனர். இனி இவ்விதக் கட்டளை வந்தால் என்ன செய்வீர் என்று கேட்டதற்கு, ஒரு நீதிபதி செய்யத்தக்கதைச் செய்வேன் என்று மட்டும் சொல்லி நின்றவர் குக் ஒருவரே. முதலில் அவரை வேலையிலிருந்து விலக்கிவைத்து, அவருடைய தீர்ப்புத் தொகுதிகளிலுள்ள பிழைகளைத் திருத்தும்படி உத்தரவிட்டார்கள். அவர் அற்பமான சில பிழைகளை மட்டும் சுட்டிக்காட்டினார். அவ்வருஷம் நவம்பரில் பதவி பறிபோயிற்று.

அரசரின் தயவை மீண்டும் பெறும் ஆசையில் 1617-ல் தம் மகளை, அவளும் தாயும் மறுத்தும், அரசரின் அன்புக்குரிய பக்கிங்ஹாமின் சகோதரனுக்கு வலிந்து மணம் செய்துகொடுத்தது அவருடைய வாழ்க்கையில் படிந்த மற்றொரு களங்கம். ஆயினும் பார்லிமெண்டில் அவர் அடங்கியிருக்கவில்லை. சபையின் உரிமைகளுக்காக வாதாடிய குற்றத்துக்காக 1621-ம் வருஷ முடிவில், அறுபத்தொன்பதாவது வயதில், லண்டன் டவர் சிறையில் அடைக்கப்பட்டு மாதக்கணக்காக அங்கே இருந்தார். 1628-ல், எழுபத்தாறாவது வயதில், விசாரணையின்றிச் சிறையிடலாகாது, பார்லிமெண்டின் சம்மதமின்றி வரி வாங்கலாகாது என்று கூறும் உரிமை மனுவை முன்னின்று நிறைவேற்றினார். 1634-ம் வருஷம் செப்டம்பர் 3-ந் தேதி அவர் காலமானார். அவர் மரணப் படுக்கையில் இருந்த சமயத்திலேயே சர்க்கார் ஆட்கள் வீட்டைச் சோதனையிட்டுக் கையெழுத்துப் பிரதிகளை வாரிக்கொண்டு போயினர். கிழவருடைய காகிதங்களுக்கு அரசாங்கம் அவ்வளவு அஞ்சிற்று. பின்னர் பார்லிமெண்டு அவற்றை மீட்டு அச்சிடச் செய்தது.

பன்றிக் கொட்டில் வழக்கின் பின்கதை இனித்தான் வருகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிளாக்ஸ்டன் என்னும் பேராசிரியர் தம் சட்ட வியாக்கியானத்தில் குக் பதிவு செய்த கொள்கையை எடுத்தாண்டார். அடுத்த நூற்றாண்டில் ஆலைகள் பெருகியபோது நீதிபதிகளின் உறுதி சிறிது தளர்ந்தது. ஆலைப் பிரதேசத்தில் குடியிருப்பவன் ஆலைப் பிரதேசத்துக்குரிய அசௌகரியத்தைச் சகித்துக்கொள்ள வேண்டும் என்று 1865-ல் பிரபுக்கள் சபையும், செல்வர் வாழும் பேட்டையில் தொல்லையாவது தோல் பதனிடுவோர் வாழும் பெர்மண்ட்ஸேயில் தொல்லையாக வேண்டுமென்பதில்லை என்று 1879-ல் அப்பீல் கோர்ட்டும் கூறின. மென்மையான மூக்கைப் பற்றிய பழைய வாதம், வாசல் வழியே துரத்தப்பட்டுக் கொல்லைப்புறமாக உள்ளே நுழைந்ததென்றே சொல்ல வேண்டும். ஏழையின் மூக்கு ஒரு விதம், பணக்காரன் மூக்கு ஒரு விதம் என்றாயிற்று.

நம் நாட்டு விஷயத்துக்கு வருவோம். பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை முதலிய ஊர்களின் தோல் ஷாப்புகள் கழிவு நீரை ஆற்றிலும் வயலிலும் விட்டதனால் கிணறுகள் கெட்டன. நிலம் உப்புப் பூத்தது. 1991-ல் வேலூர்ப் பிரஜைகளின் நலச் சங்கம் ஒன்று சுப்ரீம் கோர்ட்டில் முறையிட்டது. தோல் பதனிடும் பிரதேசத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஒரு பகுதியாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றதாகிவிட்டது என்ற ஆராய்ச்சி முடிவு கோர்ட்டின் முன் வைக்கப்பட்டது. தோல் ஏற்றுமதி அந்நியச் செலாவணி ஈட்டித் தருவது, பல்லாயிரவருக்குப் பிழைப்பளிப்பது என்பதைக் கோர்ட்டு ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டே, சுற்றுப்புறத்தைப் பாழாக்கவும் ஜனங்களின் ஆரோக்கியத்தைக் கெடுக்கவும் அதற்கு உரிமையில்லை என்று 1996-ம் வருஷம் ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்பளித்தது. தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். கழிவு நீரைச் சுத்திகரிக்கும் ஏற்பாடில்லாதவற்றுக்குப் பூட்டு. கெடுத்தவனே நஷ்டஈடும் ஈந்து கெட்டதைச் சீர்திருத்தும் செலவையும் ஏற்க வேண்டும் என்னும் விதி. சென்னை ஐகோர்ட்டில் இவ்விஷயங்களுக்கென்று தனி பெஞ்சு. அரசியல் சட்டத்தின் விதிகளோடு அத்தீர்ப்பு ஆதாரமாகக் கொண்டது பிளாக்ஸ்டனின் வியாக்கியானத்தையே. அந்த வியாக்கியானத்தின் வழியே ஹார்ல்ஸ்டன் பன்றிக் கொட்டிலும், தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியும் கடல் கடந்து வேலூருக்கு வந்து சேர்ந்தன.

ஆகவே, இது நேற்று முளைத்த அதிகாரம் என்போர் சரித்திரம் அறியாதவர்கள். ஆனால் குக்கின் சட்டத்தில் ஒரு பெருங்குறை இருந்தது. அது வீடும் நிலமும் உடையவனுக்கே கதவைத் திறந்தது. ஓலைக் குடிசைவாசிக்கும், எவருக்கும் சொந்தமில்லாத காட்டுக்கும், ஆற்றுக்கும் அங்கே இடமில்லை. அக்குறையைத் தீர்த்தது நம் கோர்ட்டுகளின் தனிப் பெருமை. பணமில்லையென்று சொல்லிச் சாக்கடையைச் சீர்செய்யாமல் ஒரு முனிசிபாலிடி தப்பித்துக்கொள்ள முடியாது என்று 1980-ல் ரத்லாம் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் விதித்தார். பிறர் சார்பில் எந்தப் பிரஜையும் வழக்காடலாம் என்ற முறையும் அக்காலத்திலேயே வேரூன்றிற்று. பருவநிலை மாறுதலின் தீங்குகளிலிருந்து காப்புப் பெறுவதும் அடிப்படை உரிமையே என்று 2024-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியிருக்கிறது. புகையோ இப்பொழுது கண்டம் கடந்து செல்கிறது. ஜெர்மானிய மின்சாரக் கம்பெனியொன்றின் கரிப்புகையால் மலைப் பனி உருகித் தன் ஊருக்கு வெள்ள அபாயம் நேர்ந்திருப்பதாகப் பெரு தேசத்து விவசாயி ஒருவர் ஜெர்மனியில் வழக்காடினார். அவர் வீட்டுக்கு நேரும் அபாயம் போதிய அளவு நிரூபணமாகவில்லை என்று 2025 மே மாதத்தில் ஹாம் நகரத்துக் கோர்ட்டு வழக்கைத் தள்ளிற்று. எனினும் அவ்விதப் புகைக்குக் கம்பெனிகள் பொறுப்பாளிகளாகக்கூடும் என்னும் கொள்கையை ஏற்றுக்கொண்டது. அண்டை வீட்டான் என்ற சொல்லின் பொருள் இவ்வாறு விரிந்துகொண்டே போகிறது.

இவ்வளவும் சொல்லிய பிறகு கசப்பான உண்மையொன்றையும் சொல்லியாக வேண்டும். 1996-ல் அத்தீர்ப்பு வெளியாகி இருபத்தெட்டு வருஷங்களுக்கு மேலான பின், 2025 ஜனவரி 30-ந் தேதி, அதே பாலாற்றைப் பற்றி அதே சுப்ரீம் கோர்ட்டு மீண்டும் உத்தரவிட நேர்ந்தது. நஷ்டஈடு கொடுக்கவும், கெடுத்தவர்களிடம் செலவை வசூலிக்கவும், மேற்பார்வைக்குக் கமிட்டி அமைக்கவும் மறுபடியும் கட்டளை பிறந்தது. தீர்ப்பு ஆற்றைச் சுத்தம் செய்துவிடுவதில்லை. அதைச் செய்ய வேண்டியவர்கள் அதிகாரிகள். அவர்களைச் செய்யவைக்க வேண்டியவர்கள் ஜனங்கள்.

குக்கின் வாழ்க்கையிலிருந்து நாம் இரண்டு பாடங்களைக் கற்கிறோம். ஆளுவோர் கண்ணைப் பார்த்துத் தீர்ப்பெழுதும் நீதிபதிகளிடம் ஆறும் காற்றும் அடைக்கலம் பெற முடியாது. பதினொருவர் பணிந்தபோது பணியாத பன்னிரண்டாமவர் நமக்கு என்றும் தேவை. இது முதற் பாடம். அந்தப் பன்னிரண்டாமவரும் வழக்கு வந்தால்தான் பேச முடியும் என்பது இரண்டாவது. நாற்றத்தைச் சகித்துக்கொண்டு ஆல்ட்ரெட் சும்மா இருந்திருந்தால், குக் எழுதுவதற்கு ஒன்றும் இருந்திராது. பாலாற்றங்கரை ஜனங்களும் மற்ற ஆற்றங்கரை ஜனங்களும், தீர்ப்பு வந்த மறுநாளே தங்கள் வேலை ஆரம்பமாகிறதென்று உணர்ந்து, கையில் தீர்ப்பின் நகலோடு அதிகாரிகளின் வாசலில் நிற்பார்களாக.