நாடற்றோருக்காக வாழ்ந்த தொண்டமான்

நம் பள்ளி மாற்றுச் சான்றிதழில் நாட்டினம் என்னும் இடத்தில் இந்தியர் என்று எழுதித் தருகிறார்கள். அதை நாம் ஒரு பொருட்டாகவே எண்ணுவதில்லை. ஆனால் பிறந்த மண்ணுக்கு உரியவர் என்னும் அந்த ஓர் உரிமைக்காக நாற்பது ஆண்டுகள் காத்திருந்த மக்கள் உண்டு. அவர்களே இலங்கையின் மலையகத் தமிழர்கள். அவர்களுக்காக உழைத்த பெருமகனார் சௌமியமூர்த்தி தொண்டமான்.

இவர் 1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் நாள் தமிழகத்திலுள்ள முனப்புதூரில் பிறந்தார். தந்தை கருப்பையா பிழைப்புத் தேடி இலங்கைக்குச் சென்றவர். தம் உழைப்பால் இறம்பொடையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கே உரிமையாளரானார். சிறு வயதிலேயே தந்தையிடம் சென்ற தொண்டமான் கம்பளையில் கல்வி பயின்றார். செல்வந்தர் மகனாக இருந்தும் கூலித் தொழிலாளரின் துயரங் கண்டு அவர்கள் பக்கமே நின்றார். 1939இல் தோன்றிய இலங்கை இந்தியர் காங்கிரசில் சேர்ந்து, பின்னர் அதன் தலைவரானார். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் நுவரெலியாவிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். அவ்வியக்கத்தினர் எழுவர் அத்தேர்தலில் வென்றனர்.

மறு ஆண்டே இடி விழுந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. தந்தையும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். தோட்டத்து லயத்தில் பிறந்த ஏழைகள் இதற்கு எந்தச் சான்றிதழைக் காட்டுவார்கள்? இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். வாக்குரிமையும் பறிபோயிற்று. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஏறக்குறைய 8 இலட்சம் பேர் விண்ணப்பித்தும், 1,40,000க்கும் குறைவானவர்களே குடியுரிமை பெற்றனர்.

தொண்டமான் மனந்தளரவில்லை. 1952இல் கொழும்பில் சத்தியாக்கிரகம் நடத்தினார். 1964 அக்டோபர் 30இல் சாஸ்திரி அவர்களும் சிறிமாவோ அம்மையாரும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என முடிவாயிற்று. அம்மக்களின் விருப்பத்தைக் கேளாமல் தலைகளை எண்ணிப் பங்கிட்டதைத் தொண்டமான் எதிர்த்தார். பல குடும்பங்கள் பிரிந்தன. கப்பலேறி இராமேசுவரம் வந்தவர்கள், தாம் அதுவரை கண்டிராத தாய்நாட்டில் புதுவாழ்வு தொடங்கினர். அவர்களுள் பலர் நீலகிரியில் குடியேறினர்.

1978இல் அமைச்சரான பின்னும் அவர் தம் மக்களை மறக்கவில்லை. 1986ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தோட்டந்தோறும் பிரார்த்தனை இயக்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் காலை வேளையில் வேலையை நிறுத்தி இறைவனை வேண்டினர். கல்லெறியவில்லை, கடுஞ்சொல் பேசவில்லை. அரசு இறங்கி வந்தது. 1988இல் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது. எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. அதைக் காண அவர் இல்லை. 1999 அக்டோபர் 30இல் மறைந்தார்.

அன்புத் தோழியரே! நம் காஞ்சியில் பட்டு நெய்யும் குடும்பங்களுள் இன்றும் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் உண்டு. அவர்களுடைய பூட்டன் எங்கே பிறந்தார் என்று நாம் கேட்பதில்லை. தறியில் அவர்கள் நெய்த சேலையைக் காஞ்சிப் பட்டு என்றே உலகம் போற்றுகிறது. மலைச்சரிவில் கொழுந்து பறித்த கைகளுக்கும் அதே உரிமை உண்டு என்பதற்காகவே தொண்டமான் வாழ்ந்தார். உழைத்த மண் உழைத்தவருக்கும் உரியது என்பதை நாமும் மறவாதிருப்போம். நாடின்றித் தவிக்கும் எல்லாருக்காகவும் இறைவனை மன்றாடுவோம்.