கோகலேயும் உப்பு வரியும்

1902-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், கர்ஸான் பிரபு தலைமை வகித்த வைஸ்ராய் சட்டசபையில் பட்ஜெட் விவாதம் நடைபெற்றது. சுமார் 7 கோடி ரூபாய் உபரியென்று சர்க்கார் பெருமிதங்கொண்டிருந்த சமயம். 35 வயதினரான கோபால கிருஷ்ண கோகலே அந்தப் பாராட்டில் கலந்துகொள்ள மறுத்தார். புனா பெர்கூஸன் கலாசாலையில் கணிதம் போதித்தவராதலின், சர்க்கார் கணக்கைக் கொண்டே சர்க்காரை மடக்கினார். பஞ்சத்திலும் பிளேக்கிலும் ஜனங்கள் மடிந்த காலத்தில் கஜானா நிரம்புவது சுபிக்ஷத்தின் அடையாளமன்று, வரி மிகுதியின் அடையாளமே என்று காட்டி, மணங்குக்கு 2½ ரூபாயாயிருந்த உப்பு வரியைக் குறைக்கும்படி வற்புறுத்தினார்.

அவருக்கிருந்த அதிகாரந்தான் யாது? பட்ஜெட்டைப் பற்றிப் பேசலாம். வோட்டெடுக்கக் கோர இயலாது. அவரைத் தேர்ந்தெடுத்தவர்களோ பம்பாய்ச் சட்டசபையின் உத்தியோகப்பற்றற்ற அங்கத்தினர் சிலரே. உப்பு வாங்கும் குடியானவனுக்கு வோட்டில்லை. ஆயினும் அவனையே தம் கக்ஷிக்காரனாகக் கொண்டு வருஷந்தோறும் வாதாடினார். பீஸ் கொடாத கக்ஷிக்காரனுக்காக ஒரே வழக்கைத் திரும்பத் திரும்ப நடத்துவது எத்தகையதென்பதை வக்கீல்களாகிய நாம் அறிவோம். வரி 1903-இல் 2 ரூபாயாயிற்று, 1905-இல் 1½, 1907-இல் 1 ரூபாய்.

1909-ஆம் வருஷத்துச் சீர்திருத்தத்தால் தீர்மானம் கொணரும் உரிமை கிடைத்ததும், நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவதைத் தடுக்கக் கோரினார். சென்றவரில் பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறியவர்கள். பம்பாய்ப் பிரதிநிதி அவர்களை அயலாராகக் கருதவில்லை. 1911 ஜூலையில் அவ்வேற்றுமதி நின்றது.

கட்டாய ஆரம்பக் கல்வி மசோதாவோ 1912-இல் 13-க்கு 38 வோட்டுகளால் தோற்றது. மிதவாதியென்று அவரை இகழ்ந்தோர் பலர். அவ்விகழ்ச்சி நியாயமென்று நாம் கருதவில்லை. 1915 பிப்ரவரி 19-இல், தமது 48-ஆவது வயதில், அவர் காலமானார்.