கடனாக வழங்கிய தருமம்: பெஞ்சமின் பிராங்க்ளின்

இடிதாங்கியைக் கண்டறிந்த பேரறிஞர் என்றே பெஞ்சமின் பிராங்க்ளினை நம்மிற் பலர் பள்ளிப் பாடத்தில் அறிந்துள்ளோம். அவர் விட்டுச் சென்ற தரும நிதியொன்று இருநூறு ஆண்டுகள் நடந்த வரலாறும் அறியத்தக்கதாகும்.

1706-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில், மெழுகுவத்தியும் சவர்க்காரமும் செய்து பிழைத்த குடும்பத்தில் அவர் பிறந்தார். இரண்டாண்டுகளே பள்ளி சென்றார். பன்னிரண்டாம் வயதில் தமையனாரின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். அங்குப் பட்ட அடிகளைப் பொறாது, பதினேழாம் வயதில் பிலடெல்பியா நகருக்கு ஓடினார். பின்னர் அச்சகம் நடத்தப் பணமின்றித் தவித்தபோது நண்பர் இருவர் கடன் கொடுத்துக் காத்தனர். அந்நன்றியை அவர் இறுதிவரை மறந்திலர்.

1785 முதல் மூன்றாண்டுகள் பென்சில்வேனியா மாநில ஆட்சித் தலைவராக விளங்கினார். மக்களாட்சியில் பதவி ஆதாயம் தருவதாக இருத்தல் கூடாது என்பது அவர் கொள்கை. ஆதலின் அவ்வூதியத்தைப் பொதுநலத்திற்கே ஒதுக்க எண்ணினார். முன்னர் அடிமைகளை வைத்திருந்த அவரே, முதுமையில் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவராகித் தம் பிழையைத் திருத்திக்கொண்டார்.

1790-இல் காலமானபோது பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் ஆயிரம் பவுன் வீதம் எழுதி வைத்திருந்தார். தொழில் பழகி முடித்த, இருபத்தைந்து வயதுக்குட்பட்ட, மணமான கைத்தொழிலாளர்க்கு நூற்றுக்கு 5 வட்டியில் அதனைக் கடனாக வழங்கவேண்டும். இருவர் ஜாமீன் நிற்கவேண்டும். முதலில் பத்திலொரு பங்கை ஆண்டுதோறும் வட்டியுடன் திருப்பிச் செலுத்தவேண்டும். திரும்பிய பணம் மற்றோர் இளைஞனுக்குச் செல்லும். இவ்வாறு ஒரே பணம் பலரைக் கைதூக்கிவிடும் என்பது அவர் கருத்து.

நடந்தது வேறு. ஆலைகள் பெருகின, அச்சகத்திலும் பட்டறையிலும் தொழில் பழகும் வழக்கம் அருகிற்று. கடன் வாங்கியோர் சிலர் திருப்பவில்லை. ஜாமீன் நிற்கவும் ஆள் கிடைப்பது அரிதாயிற்று. பாஸ்டன் நிர்வாகிகள் பணத்தில் பெரும்பகுதியை ஆயுள் காப்புறுதிக் கம்பெனியொன்றில் இட்டனர். நூறாண்டு கழித்து எடுத்த தொகையில், கார்னகி என்னும் செல்வரின் நன்கொடையும் சேர, 1908-இல் தொழிற்கல்விக்கூடம் ஒன்று எழுந்தது. பிலடெல்பியாவில் பிற்காலத்தில் வீடு வாங்குவோர்க்கும் கடன் வழங்கினர்.

1990-இல் கணக்கு முடிந்தபோது பாஸ்டனில் 40 லட்சம் டாலருக்கு மேலும், பிலடெல்பியாவில் ஏறத்தாழ 20 லட்சமும் இருந்தன. பணப்பெருக்கத்தால் பாஸ்டனே வென்றது எனலாம். ஆயின் காப்புறுதிக் கம்பெனியில் பணம் பத்திரமாகப் பெருகிய நாட்களில், அதனை நம்பியிருக்கவேண்டிய ஏழைத் தொழிலாளன் வெறுங்கையுடன் அன்றோ நின்றான்!

இருவர் ஜாமீன் கையெழுத்திடக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெற்று, மகள் திருமணத்தையும் மகன் படிப்பையும் நடத்தும் ரயில்வே ஊழியர்களாகிய நமக்கு அக்கையெழுத்தின் அருமை தெரியும். நம் தமிழ்ச் சங்கமும் பிள்ளைகள் கல்விக்கென நிதி சேர்க்குமாயின், ஆண்டுவிழாதோறும் அது எவ்வளவு வளர்ந்தது எனக் கேட்பதுடன், எத்தனை பிள்ளைகளுக்கு உதவிற்று என்றும் தவறாது கேட்போமாக.