29 வயதில் முதல்வரானவர்

ஆசிரியராக இருப்பவர் ஒரு நாள் முதல்வர் நாற்காலியில் உட்கார வேண்டி வந்தால், அந்த வேலையை எங்கே கற்றுக்கொள்வது? மத்ரஸாவும் பள்ளிக்கூடமும் நடத்தும் சகோதரர்கள் இப்படிக் கேட்கும்போதெல்லாம் நம் நினைவுக்கு வருபவர் டாக்டர் ஜாகிர் ஹுசைன். குடியரசுத் தலைவராக அவரைப் பலருக்கும் தெரியும். டெல்லி ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமியாவைத் தோளில் சுமந்த 22 ஆண்டுகள் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1920இல் அலிகரில் ஜாமிஆ உருவானபோது, அதற்காகக் கல்லூரியை விட்டு வெளியேறியவர்களில் அவரும் ஒருவர். பிறகு பொருளாதாரம் படிக்க பெர்லின் போனார். கிலாஃபத் இயக்கம் ஓய்ந்தது, நிதி வற்றியது, ஜாமிஆவை மூடிவிடலாமா என்று பெரியவர்கள் யோசிக்கிறார்கள் என்ற செய்தி அங்கே வந்து சேர்ந்தது. அவரும் நண்பர்கள் ஆபித் ஹுசைன், முஹம்மது முஜீப் இருவரும், தாங்கள் திரும்பும்வரை மூட வேண்டாம் என்று தகவல் அனுப்பினார்கள். டாக்டர் பட்டத்தோடு வருபவருக்கு வேறு இடங்களில் நல்ல சம்பளம் கிடைத்திருக்கும். அவரோ 1926இல் நேராகக் கரோல்பாக்கில் இயங்கிய ஜாமிஆவுக்கு வந்து பொறுப்பேற்றார். அப்போது வயது 29.

அடுத்த ஆண்டின் இறுதியில், பணத்துக்கு வழி செய்துவந்த ஹகீம் அஜ்மல் கானும் வபாத்தானார். இனி யாரிடம் போய் நிற்பது? 1928இல் ஆசிரியர்கள் கூடி உறுதி எடுத்தார்கள்: 20 ஆண்டுகள் இங்கேயே பணி, மாதச் சம்பளம் 150 ரூபாய்க்கு மேல் இல்லை. முதல்வருக்கும் அதே வரம்புதான். அவர் தலைமையைக் கற்றது பெர்லினில் அல்ல, இந்த நெருக்கடியில்தான் என்பது நம் எண்ணம்.

அழுக்குச் செருப்போடு வந்த மாணவர்களைத் திட்டாமல், பாலிஷ் டப்பாவோடு அவரே வாசலில் உட்கார்ந்தார் என்று சொல்வார்கள். இன்னொரு சம்பவமும் சொல்லப்படுகிறது. பிள்ளைகளுக்கு இனிப்பு கொடுத்துக்கொண்டிருந்தபோது அவருடைய சின்ன மகள் மவுத்தான செய்தி வந்தது. பிள்ளைகளின் மகிழ்ச்சி கெட்டுவிடக் கூடாதென்று யாரிடமும் சொல்லாமல் கொடுத்து முடித்தார். பிள்ளை பெற்ற நமக்கு இதைப் படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. எல்லோரும் இப்படி இருக்க வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை.

1935இல் ஓக்லாவில் புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப் பெரிய தலைவர்களைத் தேடவில்லை. ஜாமிஆவின் மிகச் சிறிய மாணவன்தான் அந்தக் கல்லை வைத்தான்.

1948இல் அலிகர் பல்கலைக்கழகத் துணைவேந்தராகச் சென்றார். 1969 மே 3 அன்று குடியரசுத் தலைவர் பதவியிலேயே வபாத்தானவரை ஜாமிஆ வளாகத்தில் நல்லடக்கம் செய்தார்கள்.