டைனமோ சுற்றிய கையும் கொல்லனின் மகனும்

கிருலப்பனையில் நான் வாடகைக்கு இருக்கும் அறைக்கு வந்திருந்த அக்காவின் மகள், காந்தப்பாயம் என்றால் என்ன என்று கேட்டாள். உயர்தரம் படிக்கிறாள். வெள்ளவத்தையில் ரியூசன் முடித்து நேரே வந்திருந்தாள். சூத்திரம் பாடம், பொருள் பிடிபடவில்லை. நான் படித்தது ஊடகக் கற்கை. ஆனாலும் இந்தப் பாடத்தை என் கை சின்ன வயதிலேயே படித்திருந்தது.

வன்னியில் பொருளாதாரத் தடைக் காலம். பற்றரி வராது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் பெடலைக் கையால் சுற்றுவேன். டைனமோவிலிருந்து வயர் றேடியோவுக்குப் போகும். ஊரில் றேடியோ திருத்தும் அண்ணை ஒருவர் இடையில் டயோட் வைத்துத் தந்திருந்தார். இரவில் தமிழோசை கேட்போம். எங்கே செல் விழுந்தது, சனம் எந்தப் பக்கம் போகுது என்பதெல்லாம் அதில்தான் தெரியவரும். கை சோர்ந்தால் குரல் மெலியும். அப்பா ஒன்றும் சொல்லமாட்டார், திரும்பிப் பார்ப்பார்.

அந்த டைனமோவின் மூலவர் மைக்கேல் பரடே. 1791இல் லண்டனின் தென்கரையில் பிறந்தார். தகப்பன் நோயாளியான கொல்லர். 1801இல் உணவு விலை ஏறியபோது பத்து வயதுகூட நிறையாத அந்தப் பிள்ளைக்கு ஒரு கிழமைக்கு ஒரு பாண்தான் கிடைத்தது. நிவாரண வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பள்ளிப் படிப்பு எழுத வாசிக்கத் தெரிந்த அளவோடு நின்றது. புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகியவர், கட்ட வந்த புத்தகங்களையே வாசித்தார். அவற்றில் ஜேன் மார்செட் என்ற பெண் எழுதிய இரசாயன நூலும் ஒன்று. 1812இல் ஹம்ப்ரி டேவியின் விரிவுரைகளைக் கேட்டு, எடுத்த குறிப்புகளைத் தானே புத்தகமாகக் கட்டி அவருக்கு அனுப்பினார். அடுத்த வருடம் ரோயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது. அதே வருடம், இங்கிலாந்தும் பிரான்சும் போரிட்டுக்கொண்டிருக்கையில், நெப்போலியனின் அனுமதியோடு டேவி ஐரோப்பா போனார். பரடேயும் கூடப் போனார். டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகவே நடத்தினார்.

மின்னோட்டம் காந்தத்தை உண்டாக்கும் என்பது 1820இலேயே தெரிந்துவிட்டது. அப்படியானால் காந்தத்திலிருந்து மின்னோட்டம் வராதா? பரடே பல தடவை முயன்று தோற்றார். 1831 ஆகஸ்ட் 29ஆம் திகதி, இரும்பு வளையமொன்றில் இரண்டு கம்பிச் சுருள்களைச் சுற்றி, ஒன்றை மின்கலத்தோடு இணைத்தார். மற்றச் சுருளோடு தொடர்பான காந்த ஊசி ஒருக்கால் துடித்து அடங்கியது. இணைப்பைக் கழற்றியதும் எதிர்ப்பக்கம் துடித்தது. இடையில் ஓட்டம் சீராக ஓடியபோது ஊசி அசையவேயில்லை. ஒக்டோபரில் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்தும் இழுத்தும் பார்த்தார். காந்தம் அசையும்போது மட்டுமே மின்னோட்டம் வந்தது.

மருமகளின் கேள்விக்கு விடை இதற்குள்தான் இருந்தது. பரடேக்குக் கணிதம் வராது. காந்தத்தைச் சுற்றிக் கோடுகள் இருப்பதாக மனதில் வரைந்துகொண்டார். ஒரு சுருளுக்குள்ளால் எத்தனை கோடுகள் போகின்றன என்பதே காந்தப்பாயம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த எண்ணிக்கை எவ்வளவு பெரிதானாலும் மாறாமல் நின்றால் பயனில்லை. மாறவேண்டும், விரைவாக மாறினால் மின்னியக்க விசையும் கூடும். சைக்கிள் டைனமோவுக்குள் சுருள் அசையாது, காந்தம்தான் சுழலும். நான் கை ஓய்ந்தபோது தமிழோசை மெலிந்தது இதனால்தான். கோடுகளைக் கணிதமாக்கியவர் பின்னால் வந்த மக்ஸ்வெல்.

சுருளொன்றில் ஓட்டம் மாறும்போது அது அந்த மாற்றத்தைத் தானே எதிர்க்கும். இந்தத் தற்தூண்டலை 1832இல் முதலில் எழுதியவர் அமெரிக்காவின் ஜோசப் ஹென்றி. அதனால் தூண்டுதிறனின் அலகு ஹென்றி. பரடேயின் பெயர் கொள்ளளவத்துக்குப் போய்விட்டது. பரீட்சையில் பிள்ளைகள் குழம்பும் இடம்.

சேர் பட்டம் வேண்டாம் என்றார். ரோயல் சொசைட்டியின் தலைமைப் பதவியை இரண்டு தடவை மறுத்தார். முதுமையில் ஞாபகம் தேய்ந்தது. 1867இல் இறந்தபோது, அவர் விரும்பியபடியே வெஸ்ட்மின்ஸ்டரில் அல்ல, ஹைகேட் மயானத்தில் எளிய கல்லொன்றின் கீழ் புதைத்தார்கள்.

அந்தச் சைக்கிள் இப்போது எங்கே என்று மருமகள் கேட்டாள். 2009இல் முள்ளிவாய்க்காலுக்குப் போகும் வழியில் விட்டுவிட்டோம் என்றேன். எந்த இடம் என்று கேட்டாள். அப்பா இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.