பிளேக்கை எதிர்த்த பெருமகன் ஹாஃப்கின்

மும்பையில் பரேல் பகுதியில் ஹாஃப்கின் நிறுவனம் உள்ளது. எவர் பெயரை அது தாங்கி நிற்கிறதோ, அவர் இந்தியரும் அல்லர்; ஆங்கிலேயரும் அல்லர்.

வால்டெமார் ஹாஃப்கின் 1860 ஆம் ஆண்டு, அன்று ரஷ்யப் பேரரசைச் சேர்ந்திருந்த ஒடெசாவில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். மதம் மாறினால்தான் பல்கலைக்கழகத்தில் பதவி என்ற நிலை வந்தபோது மாற மறுத்தார். ஜெனீவா சென்று, பின் பாரிசு சேர்ந்தார். பாஸ்டர் நிறுவனத்தில் முதலில் கிடைத்தது நூலகப் பணியே. அங்கிருந்தபடியே காலராவுக்குத் தடுப்பூசி கண்டு, 1892 இல் தம் உடலிலேயே சோதித்தார்.

1894 இல் கல்கத்தாவின் சேரியொன்றில் ஏறத்தாழ 200 பேரில் 116 பேருக்கு அவ்வூசி போட்டார். அதன்பின் அங்கே நோய் கண்டவர்கள் 10 பேர். பத்துப் பேரும் ஊசி போடாதவர்கள்.

1896 இல் பம்பாயைப் பிளேக் தாக்கியது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு சிறு இடத்தில் ஆய்வைத் தொடங்கினார். இறைச்சிச் சாற்றில் நெய்த்துளிகளை மிதக்கவிட்டார். அவற்றின் அடியில் ஆலம் விழுதுபோல் கிருமிகள் தொங்கி வளர்ந்தன. அவற்றைச் சூட்டினால் கொன்று மருந்தாக்கினார். நம் அடுப்படி நெய்க்கு இப்படியும் ஒரு பயன்! 1897 சனவரி 10 அன்று மீண்டும் தம் உடலிலேயே முதல் ஊசி. அம்மாதமே பைகுல்லா சிறைக் கைதிகள் பலர் தாமே முன்வந்து போட்டுக்கொண்டனர். ஊசி போடாத கைதிகளில் 12 பேருக்கு நோய் கண்டு 6 பேர் மாண்டனர். போட்டவர்களில் இருவருக்கே கண்டது, இருவரும் பிழைத்தனர்.

ஊசிக்காரர் வந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு வயலுக்குப் போய்விடுவாராம் என் பாட்டி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். ஆயினும் அந்த அச்சத்தை என்னால் எள்ளி நகையாட முடியவில்லை. 1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாபின் முல்கோவால் சிற்றூரில் 107 பேருக்குப் பிளேக் ஊசி போடப்பட்டது. ஒரே குப்பியிலிருந்து போட்டுக்கொண்ட 19 பேர் வில்வாதத்தால் இறந்தனர். பழி ஹாஃப்கின் மீது விழுந்தது, பணியிலிருந்து நிறுத்தப்பட்டார். குப்பியைத் திறந்த உதவியாளரின் இடுக்கி தரையில் விழுந்ததையும், அது செம்மையாகத் தூய்மை செய்யப்படாததையும் அறிஞர்கள் எடுத்துக்காட்டினர். ரொனால்ட் ராஸ் முதலியோர் வாதாடிய பின், 1907 இல்தான் பழி நீங்கியது.

இதற்கிடையில் பம்பாயில் பிளேக் ஓய்ந்துவிடவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டுதோறும் திரும்பி வந்து, பின்னரே தணிந்தது. எலியும் தெள்ளுப்பூச்சியும் மலிந்த நெருக்கடியான குடியிருப்புகளில் ஊசி ஒன்றே போதவில்லை. ஆயினும் போட்டுக்கொண்டோர் பலர் அதனால் பிழைத்தனர்.

பழி நீங்கியபின் கல்கத்தாவுக்குத் திரும்பிய ஹாஃப்கினுக்கு மனிதரிடம் புதிய சோதனைகள் செய்ய அனுமதி கிடைக்கவில்லை. ஓய்வு பெற்று ஐரோப்பா சென்றவர், 1930 இல் லோசான் நகரில் மறைந்தார். பம்பாய் ஆய்வகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது 1925 இல். அப்போது அவர் இந்தியாவை விட்டுப் போய்ப் பத்தாண்டுகள் ஆகிவிட்டிருந்தன.